நாற்பது பெயர்கள்: பேக்கர்ஸ் கிரீக் நாட்குறிப்பு

ஜூன் 8, சனி

வருகிற வெள்ளி ஜூன் 14. 1943இல் அதே தேதியில், விடியற்காலை ஆறு மணிவாக்கில், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மெக்கே விமானதளத்திலிருந்து அமெரிக்க பி-17சி ரக ராணுவ விமானம் ஒன்று மூடுபனிக்குள் ஏறியது. சில நிமிடங்கள்தான். ஊருக்குத் தெற்கே எட்டு கிலோமீட்டர் போல் தள்ளி, பேக்கர்ஸ் கிரீக்கில் விழுந்து நொறுங்கிவிட்டது. விடுப்பு முடிந்து நியூகினிப் போர்முனைக்குத் திரும்பிக்கொண்டிருந்த வீரர்கள் 35 பேர், விமானப் பணியாளர்கள் 6 பேர். பிழைத்தவர் ஒரே ஒருவர்.

எழுதுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இந்தக் கணக்குதான். ஏறியவர்கள் 41, இறந்தவர்கள் 40. ஆஸ்திரேலிய மண்ணில் நடந்த விமான விபத்துகளில் அதிக உயிர்களைக் கொண்டுபோனது இன்றுவரை இதுதான். பறக்கும் கோட்டை என்று பெயரெடுத்த ரகம் என்றாலும், குண்டுவீச்சுப் பணியிலிருந்து கழித்து ஆளேற்றும் வேலைக்கு மாற்றிய பழைய விமானம் இது. ஏன் விழுந்தது என்பதற்கு உறுதியான காரணம் எழுதிவைக்கப்படவில்லை. ஆகவே நினைவுக் கல்வெட்டின் வாசகத்தில் காரணம் எதையும் சேர்க்காமல் விடுவதே சரி.

ஜூன் 9, ஞாயிறு

போர்க்காலத் தணிக்கையால் செய்தி வெளியே வரவில்லை. வீட்டுக்குப் போன தந்தியில், தென்மேற்குப் பசிபிக் பகுதியில் விமான விபத்தில் இறந்தார் என்ற அளவுதான் இருந்தது. எந்த ஊர், எந்த விமானம், கூட யார் போனார்கள் என்று ஒன்றும் கிடையாது. விபத்து நடந்த பகுதியில் நினைவுச்சின்னம் வைத்ததே 1992இல்தான். அரை நூற்றாண்டு பேசாமல் வைத்திருந்த பெயர்கள் என்பதால், அங்கே எழுத்துப்பிழை மற்ற கல்வெட்டுகளைவிட அதிகமாக உறுத்தும்.

ஜூன் 10, திங்கள்

இதுபோன்ற பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்கும் முறை. விமானத்தில் ஏறியோர் பட்டியலை மட்டும் நம்பக்கூடாது. கிளம்புகிற அவசரத்தில் தட்டச்சு செய்தது அது. கடைசி நிமிடத்தில் ஆள் மாறியிருக்கலாம். அடக்கம் தொடர்பாக ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ராணுவம் வைத்த கோப்பை எடுத்து, அதோடு ஒப்பிட வேண்டும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் 1973இல் பிடித்த தீயில் அந்தக் காலத் தரைப்படையினரின் பணிப்பதிவேடுகளில் பெரும்பகுதி போய்விட்டது. போர்க்காலத்தில் விமானப்படையும் தரைப்படையின் கீழ்தான் இருந்தது. அடக்கக் கோப்புகள் வேறு வரிசை என்பதால் தப்பின.

ஏறியோர் பட்டியலும் அடக்கக் கோப்பும் முரண்பட்டால் பெயரை விட்டுவிட்டு ராணுவ எண்ணைப் பாருங்கள். ஓ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் அதிகாரி. சிப்பாய்களில் 1இல் தொடங்குவது தானாகச் சேர்ந்தவர், 3இல் தொடங்குவது கட்டாய ஆள்சேர்ப்பில் வந்தவர். ஒரே பெயரில் இருவர் இருந்தாலும் எண் காட்டிக்கொடுத்துவிடும். பதவியைப் பொறிப்பதானால் இறந்த நாளில் இருந்த பதவி. வரிசை அகரவரிசையாகவே இருக்கட்டும். பதவி வரிசையில் போட்டால், தன் வீட்டுப் பெயரைத் தேடி வருகிறவர் முழுப் பலகையையும் படிக்க வேண்டியிருக்கும்.

ஜூன் 11, செவ்வாய்

அமெரிக்காவிலும் ஒரு நினைவுக்கல் உண்டு. சில காலம் வாஷிங்டனில் ஆஸ்திரேலியத் தூதரக வளாகத்தில் இருந்தது. 2009இல் ஆர்லிங்டன் கல்லறையை ஒட்டிய ஃபோர்ட் மையர் ராணுவ முகாமில், செல்ஃபிரிட்ஜ் வாயிலருகே நிலையாக வைத்தார்கள். தாமஸ் செல்ஃபிரிட்ஜ், எஞ்சின் விமான விபத்தில் உயிரிழந்த முதல் மனிதர். 1908 செப்டம்பர் 17 அன்று, ஆர்வில் ரைட் ஓட்டிய விமானத்தில், அதே ஃபோர்ட் மையரில். இடப்பொருத்தம் என்றால் இதுதான்.

ஜூன் 12, புதன்

பெயர் பொறித்த வெண்கலத் தகடு கழுவுவது பற்றி. நம் வீட்டு வழக்கப்படி புளியோ எலுமிச்சையோ போட்டுத் துலக்கிப் பளபளக்க வைக்கத் தோன்றும். கூடவே கூடாது. அமிலம் மேற்பரப்பில் படிந்திருக்கும் பழுப்புப் பூச்சை அரித்துவிடும். வெறும் உலோகம் வெளியே வந்தால் கடற்காற்று இன்னும் வேகமாகத் தின்னும். கடையில் விற்கும் பாலிஷும் அப்படியே.

நான்கு லிட்டர் தண்ணீருக்கு 15 மில்லி மிதமான, வாசனை சேர்க்காத சோப்புக் கரைசல் போதும். மென்மையான நார் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தேய்த்து, கடைசி அலசலை டிஸ்டில்டு வாட்டரில் முடிக்க வேண்டும் (பேட்டரிக்கு ஊற்றுகிறோமே, அதே தண்ணீர்). குழாய்த் தண்ணீரில் முடித்தால் எழுத்தின் பள்ளத்தில் உப்பு தங்கிவிடும்.

நன்றாகக் காய்ந்து, தகடு வெயிலில் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது மைக்ரோகிரிஸ்டலின் மெழுகை (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் நுண்படிக மெழுகு) மெல்லிசாகத் தடவுங்கள். கனமாக அப்பினால் எழுத்தின் மூலைகளில் வெள்ளையாக உறைந்து, ஆங்கில ‘ஓ’வும் ‘சி’யும் ஒன்றுபோல் தெரியும். பருத்தித் துணியால் துடைத்து மினுக்கிவிடலாம். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை.

தகடு முழுக்கப் பச்சையாகச் சீராக இருந்தால் பயமில்லை. அங்கங்கே வெளிர்பச்சைப் பொடி புள்ளிபுள்ளியாக உதிர்ந்தால் அது வேறு நோய். உப்பின் குளோரைடு உள்ளே இறங்கி, ஈரம் பட்டு அமிலமாகி, மறுபடி செம்பை அரித்துக்கொண்டே சுழலும். மேலே மெழுகு பூசி மூடினால் நிற்காது. உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரைக் கூப்பிட்டே ஆக வேண்டும்.

ஜூன் 13, வியாழன்

தகட்டைவிடத் திருகாணிதான் முதலில் கெடும். பெரிய வெண்கலப் பரப்பு, அதில் சின்ன இரும்புத் திருகாணி, நடுவில் உப்பு ஈரம்: இரும்பு தன்னைக் கரைத்துக்கொள்ளும், கல்லில் துருக்கறை ஒழுகும். வெண்கலத் திருகாணியே போடுங்கள். கிடைக்காவிட்டால் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

விமானப் பாகத்தை நினைவுச்சின்னத்தில் பதிக்கிற இடங்களில் இதே கதை தலைகீழாக நடக்கும். அலுமினியத்தை வெண்கலத்தோடு நேரடியாகச் சேர்த்தால் அரிபடுவது அலுமினியம். நடுவில் நைலான் வாஷரும், திருகாணிக்கு நைலான் உறையும் வேண்டும்.

தகட்டைச் சுற்றி சீலன்ட் அடைக்கும்போது அடிப்பக்கம் மட்டும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். நான்கு பக்கமும் அடைத்தால் பின்னால் இறங்கிய தண்ணீருக்கு வெளியேற வழியிருக்காது.

ஜூன் 14, வெள்ளி

மலர்வளையங்களின் சட்டம் இரும்புக் கம்பி. கல்லின் மேல் நேராக வைக்காமல் ஒரு ரப்பர் பாய் விரியுங்கள். மெழுகுவர்த்தி தரையில் போதும். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். ஈர இலை ஒன்று கல்லில் ஒட்டிக் கிடந்தால், அது எந்தச் செடியின் இலை என்று சொல்கிற அளவுக்குக் கறை அச்சாகப் பதிந்துவிடும்.