பிங் போகிறது, கோப்பு போகவில்லை

பிங், அதாவது மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பொதி, பதில் தந்தால் வலையமைப்பு நலம் என்பதை நான் ஏற்பதில்லை. கிளிநொச்சியில் நான் பராமரிக்கும், மூன்று சேர்வர்கள் சேர்ந்து இயங்கும் கிளஸ்டரில் நடந்ததைக் கேளுங்கள். சேர்வர்கள் ஒன்றையொன்று உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க உதவும் கோரோசிங்க் மென்பொருளின் பொதிகள் ஒழுங்காகச் சென்றன. உறுப்பினர் பட்டியலில் மூன்றும் இருந்தன. பெரிய கோப்பைப் பிரதியெடுத்ததும் இணைப்பு உறைந்தது.

“அண்ணை, கேபிளை மாற்றுவோமா?” என்றான் உடன் வேலை செய்யும் தம்பி. பொறு என்றேன்.

பொதியைத் துண்டாக்காமல் 1472 பைட் பிங் போனது. 8972 போகவில்லை. அதோடு பொதியின் முகவரி இருக்கும் ஐபி தலைப்பு 20, பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி தலைப்பு 8 சேர்த்தால் அது சரியாக 9000. சேர்வர்களின் எம்டியு, அதாவது ஒரே பொதியில் அனுப்பக்கூடிய உச்ச அளவு, 9000. மின்வெட்டுக்குப் பின் மாற்றிய சுவிட்சில் 1500. இப்படியான சுவிட்ச் தன் அளவை மீறும் பெரிய சட்டகத்தை, அதாவது பொதியைச் சுமக்கும் உறையை, சத்தமில்லாமல் எறிந்துவிடும், அனுப்பியவருக்கு ஒரு முறைப்பாடும் வராது. எனக்குக் கோபம் வருவது இந்த மௌனத்தின் மீதுதான்.

கொழும்பிலிருந்து ஆள் ஏ9 வீதியால் வந்து சேரும்வரை எங்களால் காத்திருக்க முடியாது. ஆகவே இரு அளவுப் பிங்கும் ஒவ்வொரு சோடிச் சேர்வருக்கும் இடையே, இரு திசையிலும், இப்போது தானாக ஓடுகின்றன. தொலைந்த பொதிகளை டிசிபி நெறிமுறை திரும்ப அனுப்பும் எண்ணிக்கை ஏறினாலும் கைபேசிக்குச் செய்தி வரும்.