கசிவா, பிறவியா?

பிப்ரவரி 3

என் சிறுநீரக வடிகட்டி ஓட்டையாகிப் புரதம் ஒழுகும் நோய்க்கு மெம்பரனஸ் நெஃப்ரோபதி என்று பெயர் வைத்து இரண்டு மாதம் ஆகிறது. 24 மணி நேரச் சிறுநீரில் 8 கிராம் புரதம், ரத்தத்தில் தங்க வேண்டிய அல்புமின் என்ற புரதம் வெறும் 1.9. இரண்டு காலும் வீங்கியே கிடக்கும். கட்டைவிரலால் அமுக்கினால் குழி விழுந்து, மெதுவாகத்தான் நிரம்பும். இதெல்லாம் பழகிவிட்டதால், மூன்று நாளாக இடது கெண்டைக்கால் மட்டும் கல் மாதிரி இறுகி வலித்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீக்கத்தோடு குடித்தனம் நடத்துகிறவனுக்குப் புதிதாக வந்த வீக்கம் தெரிவதில்லை.

நர்ஸ் முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பு முண்டிலிருந்து 10 செ.மீ. அளந்து பேனாவால் கோடு போட்டு, டேப்பைச் சுற்றினார். வலது 35, இடது 39. மறுபேச்சில்லாமல், ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பிப்ரவரி 4

தொடை வரைக்கும் ரத்தக்கட்டி.

சிறுநீரக வடிகட்டி ஓட்டையானால் அல்புமின் மட்டும் போவதில்லையாம். ரத்தம் உறையாமல் காக்கும் ஆன்டித்ராம்பினும் ஏறக்குறைய அதே பருமன், அதுவும் கூடவே நழுவுகிறது. ஈடுகட்ட கல்லீரல் எல்லாவற்றையும் அள்ளி அள்ளிச் செய்கிறது. அதில் ரத்தத்தை உறைய வைக்கும் ஃபைப்ரினோஜன் போன்ற பெரிய உருப்படிகள் ஓட்டையில் நுழையாமல் உள்ளேயே தங்குகின்றன. தடுப்பது வெளியே, உறைய வைப்பது உள்ளே. இப்படிப் புரதம் ஒழுகும் நெஃப்ராடிக் நோய் வகைகளில் மெம்பரனஸ்காரர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

இதில் ஒரு வேடிக்கை: ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடும் ஹெப்பாரின் ஊசி தானாக எதுவும் செய்யாது, ஆன்டித்ராம்பினைப் பிடித்துத்தான் வேலை வாங்கும். எனக்கோ அதுவே குறைச்சல். ஊசி பலிக்கிறதா என்று பார்க்கவே தனியாக ரத்தம் எடுத்தார்கள்.

பிப்ரவரி 6

அம்மா போனில் அழுதுகொண்டே, "உங்க மாமாவுக்கும் இப்படித்தானே" என்றாள். கால் முறிந்து கட்டுப் போட்டுப் படுத்திருந்த மாமா, 41 வயதில், மூச்சுத் திணறிச் சில நிமிடங்களில் போய்விட்டார். மாரடைப்பு என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தோம். கால் கட்டி நுரையீரலுக்கு ஏறியிருக்கலாம் என்று இப்போதுதான் தோன்றுகிறது. அக்காவுக்கும் பிரசவமான ஒன்பதாம் நாள் காலில் கட்டி வந்தது.

மருத்துவமனைப் படிவத்தில் 'குடும்பத்தில் யாருக்காவது நோய்' என்ற இடத்தில் சர்க்கரை, பிரஷர், இதயம் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டிருந்தேன். ரத்தக்கட்டி என்று ஒரு கட்டமே இல்லை. இதைச் சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

பிப்ரவரி 11

ஆன்டித்ராம்பின் 52 சதவீதம். பிறவிக் குறையா, சிறுநீரில் போனதா? இந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாதாம். கசிவு குறைக்கும், புதிதாக வந்த கட்டி குறைக்கும், ஹெப்பாரினும் குறைக்கும். உறைதலைத் தடுக்கும் இன்னொரு புரதமான புரோட்டீன் எஸ் கதையும் அப்படித்தான். அதை, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரை வேறு கீழே தள்ளும்.

மரபணுச் சோதனைக்கு இந்தச் சிக்கல் இல்லை. 1994-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கண்டுபிடித்த ஃபேக்டர் ஃபைவ் லைடன், அப்புறம் புரோத்ராம்பின் மாற்றம், கட்டி வரவழைக்கும் இந்த இரண்டு மரபணு மாற்றங்களையும் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். மரபணு சிறுநீரில் ஒழுகாது. எனக்கு இரண்டும் இல்லை.

மார்ச் 9

ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் என்ற எண், வார்ஃபரின் சாப்பிடும் எனக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். என்னுடையது 1.6, 3.4, 2.2. அல்புமின் குறைவாக இருப்பதால் வார்ஃபரின் ஆட்டம் போடுகிறதாம். கீரையை விட வேண்டியதில்லை, தினமும் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைதான் கூடவே கூடாது: ரத்தப்போக்கையும் கூட்டும், சிறுநீரகத்துக்கும் கெடுதல். சிறுநீரக நோயை அடக்கும் ரிடுக்ஸிமேப் மருந்தின் முதல் டோஸ் ஏற்றியாயிற்று.

ஏப்ரல் 19

என் ரத்தத்தில் விடை தேட வேண்டுமானால் கசிவு அடங்க வேண்டும், வார்ஃபரினைச் சில வாரம் நிறுத்த வேண்டும். இரண்டும் இப்போது நடக்காது. "உங்க அக்கா எந்த மாத்திரையும் சாப்பிடறதில்லையே? சிறுநீரகமும் நல்லாத்தானே இருக்கு?" என்று டாக்டர் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது.

ரத்தச் சோதனைக்கு அக்கா முதலில் மசியவில்லை. "அது ஆறு வருஷக் கதைடா, எனக்கு எதுக்கு இப்ப?" நான் மாமா பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. சரி என்றாள்.

ஜூன் 2

அக்காவுக்கு ஆன்டித்ராம்பின் சரியாக இருக்கிறது. புரோட்டீன் எஸ் குறைவு. சந்தேகத்துக்கு மறுபடியும் எடுத்தார்கள், மறுபடியும் குறைவு. அன்று ஏன் சிக்கவில்லை என்றால், கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் அது எல்லோருக்குமே இறங்கும், அப்போது பார்த்துப் பயனில்லை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதுமாம். எனக்கும் இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி.

அம்மா, "அப்ப என் வழியா வந்ததா?" என்றாள். தெரியலம்மா என்று மழுப்பினேன்.

ஆகஸ்ட் 22

புரதம் 2.1 கிராம், அல்புமின் 3.2. ஆன்டித்ராம்பின் 91! ஆக, அந்த 52 கசிவின் வேலைதான். நான் இத்தனை மாதம் பயந்தது தப்பான எண்ணைப் பார்த்து.

புரோட்டீன் எஸ் விஷயம் இன்னும் தொங்கலில்தான். அல்புமின் இப்படியே நின்றால் வார்ஃபரினை விடலாமா என்ற பேச்சு வரும், அதற்கு முன் குடும்பக் கதையையும் எடைபோட வேண்டும் என்றார் டாக்டர். கால் இப்போது 36-க்கு 35.

அக்கா மகளுக்கு இப்போதே சோதனை வேண்டாமாம். சின்ன வயதில் கட்டி வருவது அபூர்வம். பெரியவளானதும் கருத்தடை மாத்திரைக்கோ கர்ப்பத்துக்கோ முன்னால் மறக்காமல் சொன்னால் போதும். அக்கா உடனே குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்து, பின்பக்கத்தில் எழுத உட்கார்ந்தாள். "புரோட்டீன் எஸ்னு மட்டும் போட்டா அவளுக்குப் புரியுமா?" என்றாள். கீழே மாமா பெயரையும் 41 என்ற வயதையும் எழுதச் சொன்னேன்.