நேவி டவர் விளக்கும் பெரியப்பாவும்

டிசம்பர் 3

மழை சாயங்காலம்தான் வெறித்தது. குளம் மறுகால் பாய்கிற சத்தம் திண்ணை வரை கேட்கிறது. ஊரே கரண்ட் இல்லாமல் இருட்டிக் கிடக்க, விஜயநாராயணம் நேவி டவரின் சிவப்பு விளக்கு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வழி தப்பாமல் வர அதைத்தான் அடையாளம் வைத்திருப்பேன்.

"அந்த லைட்டு மேல பறக்கிற பிளேனுக்கு எய்யா. டவரு பேசுறது கடலுக்கு அடியில கெடக்கவன்கிட்ட" என்றார் கடற்படையில் இருந்த பெரியப்பா.

அந்த டவர் நிற்கும் கடற்படைத் தளமான ஐ.என்.எஸ். கட்டபொம்மன் 1990 அக்டோபரில் தொடங்கியது. இப்போதுள்ள 471 மீட்டர் கோபுரங்கள் 2014-இல் வந்தவை. சாதாரண ரேடியோ அலை உப்புத்தண்ணீரில் இறங்காது. மிகத் தாழ்ந்த அலைவரிசை என்றால் சில பத்து மீட்டர் இறங்கும். கீழே சப்மரினில் இருப்பவன் கேட்டுக்கொள்ளலாம், அதே வழியில் பதில் சொல்ல முடியாது. இது எனக்கு இத்தனை வருஷம் தெரியவில்லை.

டிசம்பர் 4

கடற்படை நாள். தண்ணிக்குள் ஒளிந்திருக்கும் சப்மரினை விமானம் எப்படிப் பிடிக்கும் என்று கேட்டேன். பெரியப்பா கிணற்றைக் காட்டினார். "நீ முங்கு நீச்சல்ல எவ்வளவு நேரம் கெடப்ப? மூச்சு முட்டினா மேல வந்துதான ஆகணும்?"

டீசல் சப்மரினும் அப்படித்தான். தண்ணிக்குள் பேட்டரியில் ஓடும். பேட்டரி இறங்கினால் இன்ஜினை ஓட்டக் காற்று வேண்டும். இரண்டாம் உலகப் போரில் அதற்காக ராத்திரியில் மேலே வருவார்கள். ரேடார் வைத்த விமானம் அந்த நேரம் பார்த்து வந்து பாயும். அவசரமாக முங்க அரை நிமிஷம் பிடிக்கும். அதற்குள் 25 அடி ஆழத்திலேயே வெடிக்கிற மாதிரி வைத்த டெப்த் சார்ஜ் குண்டு வந்து விழுந்துவிடும். 1943 மே மாதம் மட்டும் ஜெர்மனிக்கு நாற்பதுக்கு மேல் சப்மரின் போயிற்று. எதிரிதான், ஆனாலும் அந்த அரை நிமிஷத்தை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

டிசம்பர் 7

வாழைக்கு மண் அணைத்தோம். வேறொன்றும் இல்லை.

டிசம்பர் 9

இன்று பெரியப்பா அதிகம் பேசவில்லை. 1971 பாகிஸ்தான் போரில் இதே நாள் ராத்திரி, டையூவுக்கு அப்பால் நம் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். குக்ரியை பாகிஸ்தானின் ஹங்கோர் சப்மரின் டார்பிடோவால் அடித்தது. சப்மரினைத் தேடிப் போன கப்பலே மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் இறந்தார்கள். கேப்டன் முல்லா கப்பலோடு போனார். அதன்பின் நம் கப்பல்களும் விமானங்களும் நாள்கணக்கில் தேடின. ஹங்கோர் தப்பி கராச்சி சேர்ந்துவிட்டது.

குக்ரியில் பெரியப்பாவோடு பயிற்சி எடுத்த ஒருத்தரும் இருந்தார். பெரியப்பா அப்போது பம்பாயில், வேறொரு கப்பலில். இங்கே ஆச்சிக்கு எந்தத் தகவலும் இல்லை. தபால்காரர் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டாலே, ஆச்சி போய் மாட்டுத்தொழுவத்தில் நின்றுகொள்வாளாம், தந்தி என்ற சொல் காதில் விழக்கூடாது என்று. பசுவின் கழுத்தைப் பிடித்தபடியே நிற்பாளாம்.

ஜனவரியில் ஒரு கார்டு வந்தது. பெரியப்பா டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். மடிப்பெல்லாம் கிழிந்திருக்கிறது. ஊதா மையில் இரண்டே வரி:

"நான் சுகம். பிசான நெல்லுக்குத் தண்ணி காணுமா?"