பகலில் பறக்கும் ஸ்பிங்க்ஸ் அந்துப்பூச்சிகள்

பட்டப்பகலில் பூவின் முன் அந்தரத்தில் நின்றபடி தேன் உறிஞ்சும் ஸ்பிங்க்ஸ் அந்துப்பூச்சியை ரீங்காரச்சிட்டு என்றோ வண்டு என்றோ பலர் எண்ணிவிடுவது இயல்பே. இவற்றுள் கண்ணாடி போன்ற இறக்கை கொண்ட பேரினம் ஹெமாரிஸ். வட அமெரிக்காவின் ஹெமாரிஸ் இனங்களைப் பிரித்தறிய, உடலின் நிறத்தைவிடக் கால்களையும் மார்பின் பக்கவாட்டையும் பார்ப்பதே நம்பகமானது என்பது என் கருத்து: டிஃபினிஸ் இனத்துக்குக் கால்கள் கறுப்பு, கண்ணிலிருந்து மார்பின் பக்கமாக ஒரு கரும்பட்டையும் ஓடும், தைஸ்பி இனத்துக்கோ கால்கள் வெளிர்மஞ்சள், அந்தப் பட்டையும் இராது. ஐரோப்பிய இனங்களில், ஃபூசிஃபார்மிஸின் இறக்கை விளிம்பு அகன்ற செம்பழுப்பு, டிட்டியஸுக்குக் குறுகியது. கூட்டிலிருந்து வெளிவரும்போது ஹெமாரிஸ் இறக்கைகளில் செதில்கள் இருக்கும் (பார்த்தவர்க்கு நம்பக் கடினம்தான்). முதன்முதலாகப் பறக்கும்போதே அவற்றில் பெரும்பகுதி உதிர்ந்து, கண்ணாடிபோன்ற பரப்பு எஞ்சுகிறது. பகலில் பறக்கும் இன்னொரு ஸ்பிங்க்ஸ் அந்துப்பூச்சியான மாக்ரோகுளோசம் ஸ்டெல்லட்டாரம் அவ்வாறு செதில்களை உதிர்ப்பதில்லை. ஆரஞ்சு நிறப் பின்னிறக்கையே அதற்கு அடையாளம்.