இரண்டு வாரத்துக்கு மட்டும் திட்டம்

மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுக்கு, கேட்டில் வண்டி வருவதையும் போவதையும் பதியும் மென்பொருள் செய்துகொடுத்தோம். எல்லாத் தேவைகளையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பல மாதம் கழித்து மொத்தமாகக் கொண்டுபோய் இறக்குவது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். நாங்கள் இரண்டு வாரம் ஒரு சுற்று என்று, அந்தந்தச் சுற்றுக்கு மட்டும்தான் திட்டம் போட்டோம். 2001-ல் அமெரிக்காவின் யூட்டாவில் 17 பேர் கூடி எழுதிய, மென்பொருளைச் சிறிது சிறிதாகச் செய்துகொடுக்கும் ‘அஜைல்’ முறைக்கான அறிக்கையும், ஓடுகிற மென்பொருளை அடிக்கடி கையில் கொடுங்கள், இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்றே சொல்கிறது.

முதல் சுற்றில் கன்டெய்னர் எண்ணைப் பதியும் திரை ஒன்றே ஒன்று. நான்கு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம் மற்றவற்றை வைத்துக் கணக்குப் போட்டு வருவது என்பதால், ஓர் இலக்கம் மாறினாலும் பெரும்பாலும் அங்கேயே பிடிபட்டுவிடும். யார்டுக்கே போய்க் காட்டினோம். இரவு ஷிப்டு பார்க்கும் கேட் கிளார்க் போனை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, ராத்திரியில ஒரு கையில டார்ச்சு, இன்னொரு கையில கன்டெய்னர் கதவுல போட்ட சீலைப் பிடிச்சுப் பார்ப்பேன். எந்தக் கையால டைப் அடிக்கிறது?” பின்னால் டிரெய்லர்கள் ரோடு வரைக்கும் நிற்கும், டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அலுவலக அறையில் உட்கார்ந்து எழுதிய எந்தத் தேவைப் பட்டியலிலும் அந்த டார்ச் வந்திருக்காது.

அடுத்த சுற்றுக்கு யார்டு முதலாளி கேட்ட ரிப்போர்ட்டைத்தான் வைத்திருந்தோம். அதைக் கீழே தள்ளினோம். கேட்டில் ஒரே தட்டலில் போட்டோ, அப்புறம் கேபினில் உட்கார்ந்து எண்ணைச் சரிபார்ப்பது என்று மாற்றினோம். கேட்டில் பதிவு சரியாக விழுந்தால்தான் ரிப்போர்ட்டில் உருப்படியாக ஏதாவது வரும் என்று சொன்னதும் அவரும் ஒத்துக்கொண்டார்.

இதில் கஷ்டமான விதி ஒன்று உண்டு. சுற்று முடியும் நாளை நகர்த்தக் கூடாது. வேலையைத்தான் குறைக்க வேண்டும். “இன்னும் ரெண்டே நாள் சார்” என்று டீமில் யாராவது கேட்கும்போது மனசு இளகும். கொடுத்துவிட்டால், யார்டில் காட்ட வேண்டிய நாளும் சேர்ந்து தள்ளிப்போகும். நான் கொடுப்பதில்லை.

“மொத்தமா எப்ப முடியும்?” என்று முதலாளி கேட்டபடியே இருந்தார். நியாயமான கேள்விதான். சில சுற்றுகள் ஓடி, ஒரு சுற்றில் எவ்வளவு முடிகிறது என்று தெரிந்த பிறகு தேதி சொன்னோம், அதுவும் இரண்டாக: பில்லிங் சேர்த்தால் ஒன்று, சேர்க்காவிட்டால் அதற்கு முந்தியது. அவர் பில்லிங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.