ஒப்பினெல் பிடியில் மரம் பதிக்கிறேன்: கருங்காலியா, ஈட்டியா, பலாவா?

என்னிடம் இருப்பது ஒப்பினெல் 8ஆம் எண் மடக்குக் கத்தி. பிரான்சின் சவ்வா மலைப்பகுதியில் 1890-இல் தொடங்கிய வகை. அலகு 8.5 செ.மீ.; பிடி முழுக்க வெளிறிய பீச் (beech) மரம். அந்தப் பிடியின் இரு பக்கமும் கண் வடிவத்தில் 2 மி.மீ. ஆழம் குடைந்து வேறு மரம் பதிப்பதுதான் இப்போதைய வேலை.

மரம் என்றதும் முதலில் நிறம்தான் கண்ணுக்குத் தெரியும். நான் முதலில் பார்ப்பது அசைவை, அதாவது ஈரத்துக்கு ஊதிக் காய்ந்தால் சுருங்குவதை. பீச் ஈரத்துக்கு ரொம்பவே அசையும். மழைக்காலத்தில் பிடி ஊதி, அலகைத் திறக்கவிடாமல் இறுக்கிக்கொள்வது ஒப்பினெல் வைத்திருப்பவர்களுக்குப் பழகிய விஷயம். பச்சை மரம் முழுக்கக் காயும்போது பீச் அகலவாக்கில் 12 சதவீதம் வரை சுருங்கும். தேக்கும் ஈட்டியும் (ரோஸ்வுட்) ஏறக்குறைய அதில் பாதிதான். நீளவாக்கில் எந்த மரமும் அனேகமாக அசையாது. அதனால் பதிக்கும் துண்டின் ரேகை பிடியின் ரேகையோடு ஒரே திசையில் ஓட வேண்டும். அழகுக்காகக் குறுக்கே வைத்தால், பிடி ஊதும்போது துண்டு கூடவே விரியாது. ஓரத்தில் கோடு விழும்.

பிடியில் உளி வைக்கும் முன் ஒரு பீச் துண்டில் பதித்துப் பார்த்தேன். கருங்காலி தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனம், மெருகு பிரமாதம். ஆனால் உப்புத்தாள் போட்டால் அதன் கரும்பொடி பீச்சின் நுண்துளைகளில் ஏறி அந்த இடமே அழுக்காகத் தெரிகிறது. முதலில் பீச்சுக்கு ஷெல்லாக் (அரக்கு மெருகு) ஒரு பூச்சுக் கொடுத்து, உப்புத்தாளுக்குப் பதில் சுரண்டு தகட்டால் சீவினால் இது நன்றாகவே குறைகிறது. வேகமாகத் தேய்த்துச் சூடாக்கினால் கருங்காலியில் மயிரிழை வெடிப்பும் வரும்.

செம்மரத்தை யோசித்ததோடு சரி. அதன் சிவப்புச் சாயம் ஆல்கஹாலில் கரையும். ஷெல்லாக் ஆல்கஹாலில் கரைத்ததுதானே, பக்கத்துப் பீச்சும் சிவந்துபோகும். அதைவிட, எங்கிருந்து வெட்டப்பட்டது என்று தெரியாத செம்மரத்தைத் தொட எனக்கு மனமில்லை.

ஈட்டிதான் நான் தேடியது. உடைந்த பழைய நாற்காலிக் கால் ஒன்று கிடைத்தது. ஊதா கலந்த பழுப்பில் கருவரிகள். எத்தனையோ மழையும் கோடையும் பார்த்து அடங்கிய மரம். ஈட்டியில் இயற்கை எண்ணெய் உண்டு, எபாக்ஸி பசை சரியாகப் பிடிக்காது. ஒட்டும் முகத்தை அசிட்டோனால் துடைத்து, அது ஆவியானதும் உடனே ஒட்ட வேண்டும். இதன் தூசி சிலருக்கு ஒவ்வாமை தரும், முகமூடி கட்டாயம்.

ஒரு பக்கம் ஈட்டி ஒட்டியாயிற்று. துண்டை மேடாகவே விட்டிருக்கிறேன். இனி பிடியின் வளைவுக்கு ஏற்ப அரத்தால் இறக்கணும். மறுபக்கத்துக்குப் பலா. இப்போதைக்கு அதன் மஞ்சள் பீச்சுக்குப் பக்கத்தில் அவ்வளவாக எடுபடாது. வெளிச்சம் பட்டுப் பழுப்பேற ஏறத்தான் தனியாகத் தெரியும். அந்த மாற்றத்தைப் பார்க்க எனக்கு ஆசை.

அப்புறம் கலப்பில்லாத ஆளிவிதை எண்ணெய், மெல்லிசாகப் பல பூச்சு. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள்; தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவையுங்கள்.