புராஸ்டேட் புற்றுநோய்: சிகிச்சையை முடிவு செய்வது எது?

ஆண்களின் மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்ததும் டாக்டர் நாலைந்து வழிகளைச் சொல்லி, "யோசிச்சுட்டு வாங்க, முடிவு உங்களோடது" என்று அனுப்பிவைப்பார். வீட்டுக்குப் போனதும் அந்த மனிதரின் மனதில் ஓடுவதெல்லாம் எத்தனை நாள் லீவு போட வேண்டும், கூட யார் வருவார், கையில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான். இதை டாக்டர் அறையிலேயே பேச வேண்டும் என்கிறேன் நான்.

ஆரம்ப நிலையிலேயே தெரிந்துவிட்டால் அவசரம் குறைவு. பிரிட்டனில் 1,643 பேரை வைத்து நடந்த புரோடெக்ட் ஆய்வின் 15 ஆண்டு முடிவு 2023இல் வந்தது: உடனே சிகிச்சை செய்யாமல் கண்காணிப்பு, சுரப்பியை எடுக்கும் ஆபரேஷன், கதிர்வீச்சு என எந்தப் பிரிவில் இருந்தாலும் நூற்றுக்குச் சுமார் 97 பேர் இந்த நோயால் சாகவில்லை. அப்படியென்றால் செலவில்லாத கண்காணிப்பே போதுமே என்று தோன்றும். ஆனால் அதற்கும் பி.எஸ்.ஏ. என்ற ரத்த டெஸ்ட், ஸ்கேன், தேவைப்பட்டால் மறுபடி பயாப்சி (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) என்று வருஷக்கணக்கில் வந்துபோக வேண்டும், அது முடியாதவர் "ஒரேயடியா எடுத்துடுங்க" என்றுதான் சொல்வார்.

கதிர்வீச்சை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடித்து, மூத்திரப்பை நிரம்பும்வரை காத்திருந்து, மெஷினில் சில நிமிடம் படுத்து எழுந்தால் முடிந்தது. அந்தச் சில நிமிடத்துக்கு, தூரத்திலிருந்து வரும் தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும், பழைய முறையில் அதுவும் ஏழெட்டு வாரம்! இப்போது பலருக்கு 20 தடவை போதும், சிலருக்கு 5 தடவையே போதும் என்று பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. சரி, ஆபரேஷன் என்றால்? சில வாரங்களுக்குப் பாரம் தூக்கக் கூடாது, சிறுநீர்க் கசிவு மாதக்கணக்கில் இருக்கலாம். மூட்டை தூக்குபவருக்கும் நாற்காலி வேலைக்காரருக்கும் இது எப்படி ஒன்றாகும்?

நோய் பரவியவர்களின் நிலைமைதான் என்னை ரொம்ப உறுத்துகிறது. இந்தப் புற்றுநோயை வளர்க்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்க விரைகளை அகற்றலாம் என்று அமெரிக்க டாக்டர் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941லேயே காட்டினார், 1966இல் நோபல் பரிசும் வாங்கினார். ஒரே தடவை, சின்ன ஆபரேஷன். மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஹார்மோன் ஊசியும் அதே வேலையைத்தான் செய்கிறது. நிறுத்தினால் ஹார்மோன் திரும்ப வாய்ப்புண்டு என்பது அதன் நன்மை. விரையை எடுப்பது மானப் பிரச்சினை என்று ஊசியைத் தேர்ந்தெடுத்து, பணம் தட்டுப்பட்டதும் இரண்டு ஊசியைத் தவறவிட்டால் ஹார்மோன் ஏறி, நோயும் கூடவே ஏறலாம். வசதியில்லாதவரிடம் ஊசி என்று ஒன்று இருப்பதையே சொல்லாமல் ஆபரேஷனுக்கு எழுதுவதும் அநியாயம்தான்.

அதனால் டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: கதிர்வீச்சு நாட்களைக் குறைக்க முடியுமா, என் வேலைக்கு எப்போது திரும்பலாம், இந்த ஊசி எத்தனை வருஷத்துக்கு, மொத்தம் எவ்வளவு ஆகும். அப்புறம், வீட்டில் யாரும் இல்லையென்றால் அதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.